கத்தரி வேரில் முடிச்சு: ஆர்என்ஏ மருந்துக்குக் காத்திருக்கலாமா, சுண்டையில் ஒட்டலாமா?

போன மாதம் பெரியப்பா ஒரு கத்தரிச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "பாஜா (உரம்) போட்டேன், தண்ணி விட்டேன், மத்தியானம் ஆனா தலையைத் தொங்கப் போட்டுடுது, சாயங்காலம் நிமிர்ந்துக்குது. என்ன கேடுன்னு நீயே பாரும்மா" என்றார். மலேசியாவில் பேராக்கின் பீடோர் பக்கம், எங்கள் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் அவர் பயிர் செய்யும் முக்கால் ஏக்கர் இருக்கிறது. ஈயம் தோண்டிய பழைய ஈயலம்பத்து மணல், சுற்றிலும் செம்பனை. ஓய்வு பெற்றதிலிருந்து கத்தரி, மிளகாய், வெண்டை, ஓரத்தில் கொஞ்சம் கொய்யா என்று அதில்தான் அவர் பொழுது போகிறது.

வாளித் தண்ணீரில் வேரை அலசியதும் தெரிந்துவிட்டது. நூல் போல இருக்கவேண்டிய வேர் முழுக்க மணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. பயற்றஞ்செடி வேரில் வருகிற நல்ல முடிச்சு என்றால் நகத்தால் தள்ளினாலே உதிர்ந்துவிடும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். இது உதிரவில்லை, வேரே வீங்கிப்போயிருந்தது. கேக்குக்குப் போடும் சிவப்புச் சாயத்தைத் தண்ணீரில் கரைத்து வேரை அதில் ஒரு கால்மணி நேரம் ஊறவைத்து அலசிப் பார்த்தேன். முடிச்சுகளின் மேல் கடுகை விடச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முட்டைப் பொதி, ஒவ்வொன்றிலும் சில நூறு முட்டைகள். பெரியப்பா கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதுதான் வேர்முடிச்சு நூற்புழு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுப்புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. வேர் நுனி அருகே துளைத்து உள்ளே போய், ஓர் இடத்தில் உட்கார்ந்து, சுற்றியிருக்கும் சில செல்களைப் பூதாகரமாக வளரவைத்து, அவற்றிலிருந்து சாகும்வரை உறிஞ்சிக் குடிக்கும். நம் ஊர்ச் சூட்டில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். நம்மிடம் அதிகம் இருக்கும் இனத்துக்கு ஆண்துணைகூட வேண்டாம், பெண்ணே தனியாக முட்டையிட்டுவிடும். மணல் மண் என்றால் மண்துகள்களுக்கு நடுவே அதற்கு நல்ல வழி கிடைக்கிறது, ஆகவே ஈயலம்பத்து நிலத்தில் இது இவ்வளவு ஆடுவதில் ஆச்சரியம் இல்லை.

அன்று இரவே பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், ஈப்போவிலிருந்து போன் செய்தான். அமெரிக்காவில் ஆர்என்ஏ மருந்து வந்துவிட்டதாம், பூச்சியின் ஜீனையே வாயடைத்துவிடுமாம், அப்பா கண்ட விஷத்தையும் தொடாமல் அதற்குக் காத்திருக்கட்டும் என்றான். நான் உயிரியல் படித்தவள், அண்ணன் சொன்ன அந்த முறைமேல் எனக்கு உண்மையான பிரியம் உண்டு. இருந்தாலும் இந்தப் போகத்துக்கு என்ன செய்வது என்ற கேள்விக்குப் பிரியத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு வழியையும் எடுத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவானதை எழுதுகிறேன், இதே முடிச்சோடு நிற்பவர்கள் வேறு தோட்டங்களிலும் இருப்பார்கள்.

முதலில் ஜீனை அடக்குவது. அதன் கதையே ஒரு நூற்புழுவில்தான் தொடங்குகிறது. மண்ணில் பாக்டீரியா தின்று வாழும், யாருக்கும் கெடுதல் செய்யாத சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற புழு அது. 1998இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் அவர்கள் குழுவினரும், ஒரு ஜீனின் எழுத்துவரிசையை இரட்டை இழை ஆர்என்ஏவாக அந்தப் புழுவுக்குள் செலுத்தினால் அதே ஜீன் அடங்கிப்போகிறது என்று காட்டினார்கள். 2006இல் இருவருக்கும் நோபல் பரிசு. நடப்பது இதுதான்: செல் அந்த இரட்டை இழையை ஏறத்தாழ இருபத்தொரு எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்குகிறது, அந்தத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு அதே வரிசை உள்ள தூது ஆர்என்ஏ, அதாவது ஜீனின் செய்தியைச் செல்லுக்குள் எடுத்துப்போகும் நகல், எங்கே என்று தேடி வெட்டிப்போடுகிறது. ஜீன் அப்படியே இருக்கும், ஆனால் அதன் பேச்சு வெளியே வராது.

பயிரைத் தின்னும் நூற்புழுவில் இதைச் செய்ய ஒரு சிக்கல். குஞ்சுப்புழு வேருக்குள் நுழைகிறவரை வாயே திறக்காது, பிறகு எப்படி ஆர்என்ஏவைக் குடிக்கவைப்பது? 2002இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆக்டோபமைன் என்ற பொருளைக் கலந்து புழுக்களை ஊறவைத்தார்கள், அது தூண்டிவிட்டதில் புழு குடித்துவிட்டது, ஜீனும் அடங்கியது. ஆய்வுக்கூடத் தட்டில் அது பெரிய வெற்றி. ஆனால் முக்கால் ஏக்கரில் இருக்கும் புழுவையெல்லாம் யார் ஊறவைப்பது?

அதனால் செடியையே அந்த ஆர்என்ஏவைத் தயாரிக்கவைக்கலாம் என்று போனார்கள். புழு செடியை உறிஞ்சும்போது கூடவே இதையும் குடித்துவிடும். 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் 16டி10 என்ற ஜீனைக் குறிவைத்தார்கள். புழு வேரை ஏமாற்றுவதற்குத் துப்பும் எச்சிலில் இருக்கும் ஒரு சின்னப் பொருளுக்கான ஜீன் அது. முடிச்சுகள் 63 முதல் 90 சதவீதம்வரை குறைந்தன, அதுவும் ஒரே இனத்துக்கு எதிராக மட்டும் இல்லாமல் முக்கியமான நான்கு வேர்முடிச்சு இனங்களுக்கும் எதிராக. அதே ஆண்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து கே. வேலுத்தம்பியும் கான்பூர் ஐஐடியின் கே. சுப்பிரமணியமும் சேர்ந்த குழு, புகையிலைச் செடியில் புழுவின் வேறு இரண்டு ஜீன்களைக் குறிவைத்து இதே வழியில் செடியைக் காப்பாற்றிக் காட்டியது. இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது "மதுரையிலயா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

இந்த முறையில் என்னைப் பிடித்து நிறுத்துவது அதன் குறி தவறாமைதான். மண்ணில் உள்ள நூற்புழுக்களில் பெரும்பாலானவை நம் பயிரைத் தொடுவதே இல்லை. அழுகியதைத் தின்று உரமாக்குகிறவை, பூஞ்சையைத் தின்கிறவை, மற்றப் புழுக்களையே வேட்டையாடுகிறவை என்று பல வகை. எதிரியிடம் மட்டும் இருக்கும் ஜீனைத் தேர்ந்தெடுத்தால் இவற்றுக்கும் மண்புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. பழைய விஷ மருந்துகளால் இப்படிச் செய்ய முடிந்ததில்லை.

சரி, அப்படியென்றால் ஏன் கடையில் இல்லை? செடிக்குள் வைக்கும் வழி என்றால் அது மரபணு மாற்றப்பட்ட பயிர். மலேசியாவில் 2007ஆம் ஆண்டு உயிரிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2009 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதன்படி மரபணு மாற்றிய சோயாவும் சோளமும் உணவுக்கும் தீவனத்துக்கும் இறக்குமதியாக அனுமதி உண்டு, ஆனால் விற்பனைக்காக அப்படிப்பட்ட பயிர் எதுவும் இங்கே நடப்படுவதில்லை. இது மக்கள் பயந்து ஓடவேண்டிய தொழில்நுட்பம் என்று நான் நினைக்கவில்லை. ஹவாயில் வட்டப்புள்ளி வைரஸ் பப்பாளியை அழித்துக்கொண்டிருந்தபோது 1998இல் வந்த ரெயின்போ பப்பாளி, ஆர்என்ஏ அடக்கத்தால்தான் அந்த வைரஸைத் தாங்குகிறது, அங்கே மக்கள் அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் நூற்புழுவுக்காக ஜீனை அடக்கிய கத்தரி விதைப் பொட்டலம் என்று ஒன்று உலகத்தில் எங்குமே விற்பனைக்கு இல்லை. இல்லாத விதைக்குக் காத்திருந்து பெரியப்பா என்ன செய்வார்?

அண்ணன் சொன்ன மருந்து இன்னொரு வகை, செடியை மாற்றாமல் ஆர்என்ஏவை மேலே தெளிப்பது. அது பொய்யில்லை. உருளைக்கிழங்கு இலையைத் தின்னும் கொலராடோ வண்டுக்காக லெட்ப்ரோனா என்ற ஆர்என்ஏ மருந்துக்கு 2023 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பதிவு கொடுத்தது. ஆனால் அந்த வண்டு வாழும் இடத்தையும் நம் புழு வாழும் இடத்தையும் பாருங்கள். வண்டு இலைமேல் உட்கார்ந்திருக்கிறது, தெளித்த இலையையே கடித்துத் தின்கிறது. நம் புழுவோ மண்ணுக்குள், அதிலும் வேருக்குள். மண்ணில் ஊற்றிய வெறும் ஆர்என்ஏவை அங்குள்ள நுண்ணுயிர்களும் அவற்றின் நொதிகளும் ஒன்றிரண்டு நாளிலேயே சிதைத்துவிடுகின்றன. சுற்றுச்சூழலுக்கு இது நல்ல குணம், நமக்கோ இதுதான் முட்டுக்கட்டை, ஏனென்றால் முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொரித்து வந்துகொண்டே இருக்கும். இலையில் தெளித்தது போதிய அளவில் வேர்வரை இறங்குவதும் எளிதல்ல. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் ஆர்என்ஏவை நுண்ணிய களிமண் தகடுகளில் ஏற்றி இலையில் தெளித்து, இருபது நாள்வரை வைரஸிலிருந்து செடியைக் காத்ததாக 2017இல் வெளியிட்டார்கள். அந்த மாதிரி ஓர் உறை மண்ணுக்குள்ளும் தாக்குப்பிடித்தால் கதையே மாறும், நான் ஆசையோடு பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

இரண்டாவது வழி, பழைய விஷம். பெரியப்பாவின் ஸ்டோரில் பாதி காலியான ஃபுராடான் பை ஒன்று இருந்தது, ஊதா நிறக் குருணை. கார்போஃபியூரான் என்ற அந்த மருந்துக்கு மலேசியாவில் 2023 மே முதல் தடை. வேலை செய்யும் மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் மனித நரம்பையும் அது அதே மாதிரிதான் தாக்கும், குருணையை விதை என்று கொத்தின குருவி அங்கேயே விழும், மண்புழுவும் மிஞ்சாது. பெரியப்பா ஒரு காலத்தில் அதை வெறும் கையால் அள்ளி வீசியவர். "அப்போ யாரும்மா கையுறை குடுத்தா?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பையைக் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்திருக்கிறோம், விவசாய இலாகாவில் கேட்டுத்தான் ஒழிக்கவேண்டும். ஆற்றிலோ குப்பையிலோ போடுவதற்கில்லை. புதிதாக வருகிற நூற்புழுக் கொல்லிகள் இவ்வளவு மோசம் இல்லைதான், ஆனால் இவ்வளவு சின்ன நிலத்துக்கு, சாப்பிடுகிற காய்க்கு, செலவையும் பார்த்தால் அந்தப் பக்கம் போக எனக்கு மனமில்லை.

அடுத்தது தாங்கும் ரகம். தக்காளி வைப்பவர்கள் விதை உறையில் நூற்புழு எதிர்ப்பு என்று படித்துவிட்டு வாங்குகிறார்கள். அதற்குள் இருப்பது எம்ஐ என்ற ஜீன், பெரு நாட்டுக் காட்டுத் தக்காளியிலிருந்து 1940களில் கலப்பு செய்து எடுத்தது. குளிர்ந்த நாட்டில் அருமையான ஜீன். மண்ணின் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் அது தளர்ந்துவிடுகிறது. கேமரன் மலையில் சரி. நம் கீழ்நாட்டு மணலில் மத்தியான வெயிலுக்கு 28 என்பது ஒரு கணக்கே இல்லை. விதைக்குக் கூடுதல் காசு கொடுத்து ஏமாறவேண்டாம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வழிக்கு வருகிறேன். சுண்டைக்காய்! தோட்டத்து வேலியோரம், செம்பனை நிரை முனை, லயத்துக் கால்வாய்க் கரை என்று யாரும் நடாமலே முளைத்து நிற்கிற அதே சுண்டை. வற்றல் போட்டுக் குழம்பு வைக்கிறோமே, அதன் வேருக்கு இந்தப் புழுவின் பொதுவான இனங்களைத் தாங்கும் சக்தி உண்டு, பாக்டீரியா வாடலையும் தாங்கும். கத்தரியும் அதே குடும்பம் என்பதால் சுண்டை வேரில் கத்தரித் தலையை ஒட்டவைக்கலாம். சுண்டை விதை முளைக்கச் சோம்பல் படும், மூன்று நான்கு வாரம்கூட ஆகும், ஆகவே கத்தரி விதைக்கு முன்பே இதைப் போட்டுவிடவேண்டும். தண்டு பென்சிலை விடக் கொஞ்சம் மெலிதாக வந்ததும், புது பிளேடால் சுண்டையின் தலையை வெட்டி நடுவில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் பிளந்து, கத்தரி நுனியை ஆப்பு மாதிரி இருபக்கமும் சீவி உள்ளே இறக்கி, கிளிப் போடவேண்டும். அப்புறம் ஒரு வாரம் நிழலில், உள்ளே வியர்வை கோக்கிற மாதிரி மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கவேண்டும். இந்த ஒரு வாரத்தில்தான் பெரும்பாலான ஒட்டுகள் சாகின்றன. நான் முதல் தடவை மூன்றாம் நாளே ஆவலில் திறந்து பார்த்துவிட்டேன், பாதிக்கு மேல் வாடிவிட்டது. திறக்காமல் விட்டதில் பெரும்பாலும் பிழைத்தது. நடும்போது ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே நிற்கவேண்டும், கத்தரித் தண்டு மண்ணைத் தொட்டு வேர் விட்டால் செய்ததெல்லாம் வீண்.

விளைவைப் பார்த்தால், ஜீன் அடக்கிய செடி தரப்போவதாகச் சொல்லும் பாதுகாப்பையே சுண்டை வேர் இன்றைக்கே தருகிறது. சட்டமும் தடுக்காது, காசும் அதிகம் இல்லை, உழைப்பும் பொறுமையும்தான் செலவு. கத்தரிக்கு நான் இதையே சொல்வேன், இரண்டாவது யோசனை இல்லை.

மிளகாய்க்கு இது நடக்காது, மிளகாயும் சுண்டையும் ஒட்டாது. அதற்கு நம் நாட்டில் பல பேர் செய்கிற தேங்காய்நார்த் தூள் பையும் சொட்டுநீர் உரமும்தான் நல்லது. மண்ணே இல்லை என்றால் மண் வழியே வரும் புழுவும் இல்லை. குழாய், பம்பு, உரம் என்று முதலில் கையைக் கடிக்கும், ஆகவே முதலில் ஐம்பது அறுபது பையில் தொடங்கினால் போதும். ஒரே ஓர் எச்சரிக்கை: பையை வெறும் மண்மேல் வைத்தால் அடியிலுள்ள ஓட்டை வழியாக வேர் தரைக்குள் இறங்கி, புழுவை அதுவே போய்ச் சந்தித்துவிடும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு கட்டாயம்.

காலியாகிற பாத்திகளில் செண்டுப்பூ. அதன் வேரில் இருக்கும் ஆல்ஃபா டெர்தியனைல் என்ற பொருள் புழுவைக் கொல்லும். ஆனால் ஓரத்தில் அழகுக்கு நாலு செடி வைத்தால் ஒன்றும் நடக்காது, பாத்தி முழுக்க நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் நிற்கவேண்டும். இடையில் மணத்தக்காளி முளைத்தால் கீரைக்கு ஆகும் என்று விட்டுவைக்கக் கூடாது, புழு அதில் உட்கார்ந்து அடுத்த போகம்வரை பிழைத்துக்கொள்ளும். தீபாவளிக்கு ஒரு மாதத்துக்கு முன்பு பூக்கிற மாதிரி கணக்குப் போட்டால் கோயிலுக்கும் மாலைக்காரருக்கும் பூ போகும், நிலம் சும்மா கிடந்த நஷ்டமும் தெரியாது. வேப்பம் புண்ணாக்கு, கோழி எரு, மில்லிலிருந்து வரும் செம்பனை வெற்றுக்குலை மக்கு இவையெல்லாம் மணலுக்கு உயிர் கொடுக்கும், தாங்கும் சக்தி கூடும், செய்யுங்கள், ஆனால் அவை மட்டும் போதும் என்று நம்பவேண்டாம். பிளாஸ்டிக் விரித்து வெயிலில் மண்ணை வேகவைக்கிற முறை நம் மழையில் சரிப்படாது.

மிச்சம் கொய்யா. பெரியப்பாவின் ஓரத்து மரங்களில் இரண்டு மரங்கள் இலை சிவந்து, காய் சிறுத்து நிற்கின்றன. கொய்யாவைத் தாக்கும் இனங்களில் மெலாய்டோகைனி என்டரோலோபியை என்பது மிகக் கொடியது. பிரேசிலில் கொய்யாத் தோப்புகளையே அழித்திருக்கிறது, தாய்லாந்திலும் வியட்நாமிலும் கொய்யாவில் பதிவாகியிருக்கிறது. தக்காளியின் எம்ஐ ஜீன் அதனிடம் எடுபடுவதில்லை. பிரேசிலின் எம்ப்ராப்பா என்ற வேளாண் ஆய்வு நிறுவனம் கொய்யாவையும் அதன் உறவான அராசாவையும் கலந்து ஒரு தாங்கும் அடிமரம் உருவாக்கியது, அது இருப்பது அங்கே. மரத்தை ஒவ்வொரு போகமும் மாற்றி நட முடியாது, பைக்குள் அடைக்க முடியாது, இருபது வருடம் அதே மண்ணில் நிற்கவேண்டும். ஆகவே ஆர்என்ஏ முறை நமக்கு உண்மையில் தேவைப்படுகிற இடம் கத்தரிப் பாத்தி இல்லை, பீடோரின் கொய்யாத் தோப்புதான் என்பது என் கருத்து. கொய்யா வேருக்கு ஒரு ஜீன் அடக்க முறை வந்தால், அது எந்த நாட்டிலிருந்து வந்தாலும், முதலில் போய்க் கேட்பவள் நானாக இருப்பேன்.

அதுவரை கொய்யாவுக்குக் கையில் இருப்பது கன்று வாங்கும்போது காட்டும் கவனம் மட்டும். நாற்றங்காலில் பாலிபையை ஒரு பக்கம் கிழித்து வேரைப் பார்க்கவிடுவீர்களா என்று கேளுங்கள், பத்துக் கன்று வாங்கினால் ஒன்றையாவது பாருங்கள். சென்ற வருடம் பெரியப்பா வாங்கி வந்த கன்றுகளில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை. வாடிக்கொண்டிருக்கும் இரண்டில் ஒன்றை இப்போது தோண்டிப் பார்த்தோம், பையோடு வந்த பழைய வேர்ப்பந்துக்குள்ளேயே தடித்த முடிச்சு இருந்தது. அந்த மரத்தை எடுத்து எரித்துவிட்டோம், குழியில் செண்டுப்பூ போட்டிருக்கிறது. அண்ணனிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் வரும்போது ஈப்போவிலிருந்து ஒட்டுக் கிளிப் நூறு வாங்கி வருகிறான். சுண்டை நாற்று இரண்டு இலை விட்டிருக்கிறது, கத்தரி விதையை இந்த ஞாயிறு போடுகிறோம்.